படகிலிருந்து பின்னோக்கிப் போட்ட பயணம்

முதல் தடவை நாங்கள், யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் படகு கிளம்புகிற குறிகட்டுவான் இறங்குதுறையில் காரை நிறுத்தியபோது காலை எட்டு மணி ஐந்து நிமிடம். நெடுந்தீவுப் படகு எட்டு மணிக்கே கிளம்பிவிட்டது. துறையின் நுனியில் நின்று பார்த்தால் அதன் பின்பக்கம் நன்றாகத் தெரிந்தது. சின்னவள் கையை அசைத்தாள். படகில் யாரோ திருப்பி அசைத்தார்கள். கொழும்பிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்து, கடைசி ஐந்து நிமிடத்தில் கோட்டை விட்டோம்.

சரி, நாளைக்குப் போகலாம் என்று யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினோம். மறுநாள் ஏழு மணிக்கே துறையில் நின்றோம். படகும் நின்றது, ஆட்களும் நின்றார்கள். கடல்தான் சரியில்லை. ஜூலை மாதம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று முழு வீச்சில் அடித்துக்கொண்டிருந்தது. துறைக் கல்லில் அலை மோதித் தெறித்த தண்ணீர் காரின் முன்கண்ணாடி வரைக்கும் வந்தது. தேத்தண்ணிக் கடைத் தம்பி கடலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு ஓடாது போல, அண்ணை" என்றான். பத்து மணி வரை காத்திருந்தோம். அடுத்த நாள் எனக்கு அலுவலகம். காரைத் திருப்பினேன்.

பின் இருக்கையிலிருந்து அம்மா சொன்னார்: "சோளகத்துக்குள்ள போவமா எண்டு நான் வெளிக்கிட முதலே கேட்டனான்."

கேட்டவர்தான். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சும்மா கேட்டவரும் இல்லை. 1975இல் அவருடைய முதல் ஆசிரியர் நியமனம் நெடுந்தீவில். திங்கட்கிழமை விடியப் படகேறி வெள்ளிக்கிழமை திரும்புகிற வாழ்க்கையில் நாலு வருஷம் இருந்தவர். எந்தக் காற்றுக்கு எந்த மாதம், எந்த மாதத்தில் லீவுக் கடிதத்தை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் கூகுள் வரைபடத்தில் நீலக் கோடு இழுத்து, நாலு இடத்தில் நட்சத்திரம் போட்டு, ஹோட்டல் பதிவு செய்து, அதற்குப் பயணத் திட்டம் என்று பெயர் வைத்திருந்தேன். அந்தத் திட்டத்தில் படகு கடைசி வரியாக, "அப்புறம் படகில் நெடுந்தீவு" என்று இருந்தது. பிழை அங்கேதான். முழுப் பயணத்திலும் என் கையில் இல்லாத ஒரே விஷயம் படகு. வீதி என் இஷ்டத்துக்கு நிற்கும். ஒரு மணி நேரம் பிந்தினால் ஒரு மணி நேரம் பிந்திப் போய்ச் சேரலாம். படகை ஐந்து நிமிடம் விட்டால் ஒரு நாள் போய்விடும்.

இரண்டாவது தடவை மார்ச் மாதம் போனோம். இந்த முறை தாளைத் தலைகீழாகத் திருப்பி, அடியிலிருந்து எழுதினேன். முதலில் படகுக்கான நாள். அதற்குப் பிறகு, கடல் ஏமாற்றினால் கைகொடுக்க ஒரு உபரி நாள். அதற்கு அடுத்து படகுக்கு முந்திய இரவு எங்கே படுப்பது. கொழும்பிலிருந்து எப்போது வெளிக்கிடுவது என்பது கடைசியாக வந்த கேள்வி.

மாதம் முதலில். வட பகுதிக் கடலில் வைகாசி பிறந்தால் சோளகம். அது புரட்டாதி வரைக்கும் விட்டு விட்டு அடிக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும் புயற்சின்னமும். இடையில் மாசியிலிருந்து சித்திரை வரை கடல் படுத்துக் கிடக்கும். இந்தக் கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பிள்ளைகளின் ஆகஸ்ட் விடுமுறையை நம்பி நெடுந்தீவுக்குத் திட்டம் போடாதீர்கள். ஆகஸ்ட்டில் படகு ஓடாது என்று இல்லை, ஓடும். ஓடுகிற நாளிலும் வயிற்றைப் புரட்டி எடுக்கும். போதாக்குறைக்குத் தீவு காய்ந்து கருகிக் கிடக்கும். மாசி, பங்குனியில் மழையின் பச்சை கொஞ்சம் மிச்சமிருக்கும், குதிரைகளுக்கும் உடம்பில் சதை இருக்கும்.

அடுத்தது கிழமை. போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளிலும் வார இறுதியிலும் குறிகட்டுவானுக்குப் போனால், நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகிற பஸ்கள் வரிசையாக நிற்கும். நயினாதீவுப் படகும் நெடுந்தீவுப் படகும் வேறு வேறுதான், ஆனால் துறை ஒன்று, வாகனம் நிறுத்தும் இடமும் ஒன்று. ஆனி மாத அம்மன் திருவிழாக் காலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் வியாழக்கிழமை என்று முடிவு செய்தேன். பிள்ளைகளுக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. "வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது வடிவில்லை" என்று அம்மா ஒரு தரம் முணுமுணுத்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எங்களுக்கு முன்னே பையைக் கட்டி வைத்ததும் அவர்தான்.

வியாழன் படகு என்றால் புதன் இரவு எங்கே? முதல் முறை யாழ்ப்பாண நகரத்துக்குள் தங்கினோம். குறிகட்டுவான் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், வரைபடம் முக்கால் மணி நேரம் என்று சொல்லும். அந்த வரைபடத்துக்கு, கடலுக்குக் குறுக்கே போகிற பண்ணைத் தாம்போதியில் சைக்கிளில் போகிற மீன்காரரையும் தெரியாது, "ஒரு இடியப்பம் சாப்பிட்டுட்டுப் போவம்" என்கிற என் மனைவியையும் தெரியாது. இரண்டாவது முறை வேலணையில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். பண்ணைக்கு அந்தப் பக்கம் படுத்தால் பாதி வழி கழிந்த மாதிரி. அப்படித் தெரிந்தவர் இல்லாதவர்கள் ஆறு மணிக்கு நகரத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். காலைச் சாப்பாடு பொதியாகக் கட்டிக் கையில் இருக்கட்டும்.

இனி வீதி. கொழும்பிலிருந்து புத்தளம் வரை சொல்ல அதிகமில்லை. கட்டுநாயக்கா வரை அதிவேகப் பாதை, பிறகு நீர்கொழும்பு, சிலாபம். முன்னேஸ்வரத்தில் இறங்கிக் கும்பிட்டோம். புத்தளத்துக்கு முன்னாலேயே உப்பளம் வெள்ளையாகத் தெரியத் தொடங்கும், வீதியோரம் கழுதைகளும் வரும். பிள்ளைகள் கழுதையை நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். மன்னாரிலும் அதே காட்சிதான் என்று அப்போது அவர்களுக்குச் சொல்லவில்லை.

புத்தளத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்தால் கரையோரமாகவே எலுவன்குளம், மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை என்று மன்னாருக்கு ஒரு பாதை ஆசை காட்டும். அது வில்பத்துக் காட்டுக்குள்ளால் போவது. பல வருஷமாக வழக்கிலும் இழுபறியிலும் கிடந்த பாதை. மழை பெய்தால் கலா ஓயாவைக் கடக்கிற இடத்தில் தண்ணீர் மேலால் பாயும். படகுக்கு நாள் குறித்துவிட்டுப் போகிறவன் அதை நம்பக் கூடாது. கரையை விட்டு உள்ளே திரும்பி, அநுராதபுரம் போய், மதவாச்சியில் மன்னார் வீதியைப் பிடித்தோம். கரையோரப் பயணம் என்று சொல்லிவிட்டு நடுவில் கடலே தெரியாமல் நூற்றெண்பது கிலோமீட்டர் ஓடுவது பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். "கடல் எங்க அப்பா?" என்று செட்டிகுளம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்கள். புத்தளம் - அநுராதபுரம் வீதியிலும், மதவாச்சி தாண்டிய காட்டுத் துண்டுகளிலும் பொழுதுபட்ட பின் யானை வரும். ஆகவே கொழும்பை விடிய ஐந்து மணிக்கு விட்டோம். மன்னார்த் தாம்போதியை ஏறும்போது இன்னும் வெயில் இருந்தது.

மன்னாரில் ஒரு இரவு. பள்ளிமுனையில் இருக்கிற பெருக்க மரத்தைக் காட்டினேன். ஆபிரிக்காவிலிருந்து அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று சொல்வார்கள். பிள்ளைகள் ஐந்து பேரைச் சேர்த்துக் கைகோர்த்துப் பார்த்தார்கள், பாதி கூட வளைக்க முடியவில்லை. தெற்குக் கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியின் காற்றாலைகள் முப்பதும் அந்தி வெளிச்சத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவாத்தான் சுத்துது" என்றார். நாளன்றைக்குக் கடல் எப்படி என்று அவர் மனதில் கணக்குப் போடுவது எனக்கு விளங்கியது.

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகிற ஏ32 வீதிக்காகத்தான் நான் இந்தச் சுற்றையே சுற்றினேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அவசரமாகப் போகிறவர்கள் எல்லாரும் ஏ9இல் போவார்கள். ஏ32 அவசரமில்லாதவர்களின் வீதி. திருக்கேதீஸ்வரத்தில் கும்பிட்டு வெளியே வந்தால், விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் என்று நேராக, நேராக, இன்னும் நேராகப் போகும். ஒரு பக்கம் வயலும் குளமும். மறு பக்கம் கண்டற்காடு, அதற்கு அப்பால் இருப்பது கடலா சேற்று வெளியா என்று சொல்ல முடியாத ஒரு பளபளப்பு. எதிரே வாகனமே வராத பத்து நிமிடங்கள் அடிக்கடி வரும். வீதி நல்ல வீதி, அதனால் கால் தானாக அழுத்தும். அழுத்தக் கூடாது. மாடுகளும் ஆடுகளும் இந்த வீதியைத் தங்களுடையது என்றே நினைக்கின்றன. இருட்டிய பிறகு சூட்டுக்கு வந்து தாரிலேயே படுத்துக்கொள்ளும். கறுப்பு வீதியில் கறுப்பு எருமை. பகலில் மட்டும் ஓடுங்கள்.

மன்னாரில் பெற்றோல் தாங்கியை முழுக்க நிரப்பியிருந்தேன், அது சரியாகச் செய்த வேலை. சரியாகச் செய்யாதது வேறொன்று. இலுப்பைக்கடவை தாண்டி ஒரு நாலு கிலோமீட்டரில் பின் ரயர் ஒன்று காற்றுப் போனது. உபரிச் சில்லு இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று வெளிக்கிட முன்னர் பார்த்திருந்தேன். இருந்தது. ஜாக்கிதான் இல்லை. பிள்ளைகளின் மிதவைச் சட்டைகளை வைக்க இடம் போதவில்லை என்று நானே வீட்டில் இறக்கி வைத்துவிட்டேன். போனில் சிக்னல் ஒரு கோடு காட்டும், அடுத்த நிமிடம் அதுவும் போகும். முக்கால் மணி நேரம் ஒரு வாகை மர நிழலில் இருந்தோம். பிறகு உழவு இயந்திரத்தில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர் நிறுத்தினார். கீழே இறங்கி, ஒன்றும் கேட்காமல், தன் பெட்டியிலிருந்து ஜாக்கியை எடுத்தார். வேலை முடிந்து காசு நீட்டியபோது, "அத வையுங்கோ தம்பி, வெள்ளாங்குளத்தில ஒட்டுக்கடை இருக்கு, இத முதல் ஒட்டிப்போட்டுப் போங்கோ" என்றார். ஒட்டினோம். இன்னொரு சில்லு இல்லாமல் அந்த வீதியில் மிச்சத் தூரத்தை ஓட எனக்குத் துணிவில்லை.

இங்கேதான் பின்னோக்கிப் போட்ட திட்டம் கைகொடுத்தது. படகு மறுநாள் காலை. கையில் முழுப் பிற்பகலும் இருந்தது. முதல் தடவைத் திட்டத்தில் இதே ரயர் போயிருந்தால், நான் இருட்டில் மாடுகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருப்பேன்.

பூநகரி தாண்டினால் சங்குப்பிட்டிப் பாலம். 288 மீட்டர் நீளம், 2011 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு முன் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையில் வாகனத்தைப் பாதையில் ஏற்றித்தான் கடலேரியைக் கடக்க வேண்டும். பாதை என்றால் இங்கே வீதி இல்லை, வாகனம் ஏற்றும் மிதவை. போரில் அதுவும் நின்றுபோய், பாலம் வரும் வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு முட்டுச் சந்து மாதிரி இருந்தது. பாலத்தைத் தாண்டிய பிறகு காரை ஓரமாக நிறுத்தி இறங்கினோம். தனங்கிளப்புப் பக்கம் தண்ணீருக்குள் பூநாரைகள் நின்றன. தூரத்திலிருந்து பார்க்க, யாரோ இளஞ்சிவப்புத் துணியைக் காயப் போட்ட மாதிரி. மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும் போனால் காணலாம், அதற்குப் பிறகு கிளம்பிவிடும். ஒரு தொலைநோக்கி கொண்டுபோயிருக்க வேண்டும் என்று மூத்தவன் இன்றைக்கும் சொல்கிறான்.

வியாழன் காலை ஏழு மணிக்குக் குறிகட்டுவான். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல், ஆழமில்லாத தண்ணீரில் களங்கண்டி வலைகளின் தடிகள் வரிசை வரிசையாக. கொடி அசையவில்லை. அம்மா கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டினார். "நல்ல கடல்" என்றார். எந்த வானிலை அறிக்கையும் எனக்கு அந்த அளவு நிம்மதி தந்ததில்லை. வானிலை அறிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். முந்திய நாள் மாலையில் மீனவர்களுக்கான எச்சரிக்கை ஏதும் வந்திருந்தால் நெடுந்தீவை மறந்துவிட்டு நல்லூருக்குப் போகலாம். படகு நேரத்தையும் முந்திய நாளே தீவில் உள்ள ஒருவரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இணையத்தில் கிடக்கிற நேர அட்டவணைகள் எந்த வருஷத்தவை என்று யாருக்கும் தெரியாது. ஒரு படகு பழுதுபார்க்கப் போய்விட்டால் எல்லா நேரமும் மாறும்.

கார் படகில் ஏறாது. துறைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். பெட்டி என்று எதையும் கொண்டு போகாதீர்கள், முதுகுப் பைதான் சரி. ஏன் என்று துறை விளிம்பில் நின்றால் விளங்கும். படகு கல்லோடு கட்டியிருந்தாலும் அது மேலே வரும், கீழே போகும், ஒரு அடி விலகும், திரும்ப ஒட்டும். இரண்டு கையும் வெறுங்கையாக இருந்தால்தான் ஏறலாம். அம்மாவைப் பார்த்ததும் படகுக்காரர் ஒருவர் கையை நீட்டினார். "அம்மா, வள்ளம் மேல வரேக்க காலை வையுங்கோ. கீழ போகேக்க வைக்கக் கூடாது." அம்மா அவருடைய கையைப் பிடித்தார், ஆனால் அவர் சொல்லி முடிக்கும் முன்னரே, படகு எழும்பிய கணத்தில் கால் உள்ளே போய்விட்டது. எழுபத்து மூன்று வயது. முழங்கால் வலிக்கு மாதாமாதம் டொக்டரிடம் போகிறவர். அந்த ஒரு எட்டு மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

படகில் எங்கே இருப்பது என்பது சின்ன விஷயம் இல்லை. கீழ்த்தட்டில் பலகை இருக்கையும் நிழலும் உண்டு, எல்லாரும் அங்கேதான் முந்துவார்கள். இயந்திரமும் டீசல் மணமும் அங்கேதான். மூத்தவன் நிழலுக்கு ஆசைப்பட்டு உள்ளே போனான், இருபது நிமிடத்தில் முகம் வெளிறி மேலே வந்தான். கொண்டுபோயிருந்த பை உதவியது. மேலே, பின் பக்கமாக, நடுவோடு சேர்ந்து இருங்கள். கண்ணுக்குக் கடலும் வானமும் சேர்கிற கோடு அங்கே தெரியும். காலையில் வெறும் வயிறும் கூடாது, பிட்டும் மீன் குழம்பும் கூடாது. இரண்டு துண்டு பாண், சீனியில்லாத இஞ்சித் தேத்தண்ணி போதும். மிதவைச் சட்டை தருவார்கள். போட்டுப் பார்த்து, கொளுவி பூட்டுகிறதா என்று பாருங்கள், எனக்குக் கிடைத்த முதல் சட்டையில் கொளுவியே இல்லை. சின்னப் பிள்ளைகளின் அளவு கிடைப்பது அரிது. எங்களுடைய இரண்டையும் கொழும்பிலிருந்தே கொண்டுபோனோம். ஜாக்கியை இறக்கியது அதற்காகத்தான். சட்டையைக் கொண்டுபோனது சரி, இறக்கிய சாமான்தான் பிழை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது சுற்றுலாப் படகு இல்லை. அந்தத் தீவில் இருக்கிற நாலாயிரத்துச் சொச்சம் பேரின் பஸ், லொறி, ஆம்புலன்ஸ் எல்லாம் இதுதான். நாங்கள் போன அன்று அரிசி மூட்டை, சீமெந்து, ஒரு கூடை கோழிக்குஞ்சு ஏறின. ஒரு மோட்டார் சைக்கிளையும் நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். கிளினிக்குக்குப் போய்த் திரும்புகிற ஒரு வயோதிபர் நின்றுகொண்டிருக்க, படம் எடுக்க வசதி என்று முன்பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்த பயணிகளைக் கண்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. எழும்பி இடம் கொடுங்கள். நமக்கு அது ஒரு மணி நேரம், அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க.

நடுக்கடலில் அம்மா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. அவர் நாலு வருஷம் ஏறி இறங்கிய குமுதினிப் படகில்தான், 1985 மே 15ஆம் தேதி, இதே வழியில், பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அப்போது அவர் மாற்றம் பெற்று வந்துவிட்டார். அதைப் பற்றி வீட்டில் அவர் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. சின்னவள் "அப்பம்மா, தண்ணி ஏன் இவ்வளவு பச்சை?" என்று கேட்டபோதுதான் திரும்பினார்.

மாவலித்துறையில் இறங்கினால் ஓட்டோக்கள் நிற்கும். ஏறுவதற்கு முன் எங்கெங்கே போவது, எத்தனை மணி நேரம், எவ்வளவு என்று மூன்றையும் பேசிக்கொள்ளுங்கள். காசு தாளாகக் கையில் இருக்கட்டும், சின்னத் தாளாக. காலைப் படகில் வந்து பிற்பகல் இரண்டரை, மூன்று மணிப் படகில் திரும்புகிறவர்கள்தான் பெரும்பாலும். அவர்கள் பெருக்க மரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, வளரும் கல், குதிரை என்று ஓட்டோவில் ஓடி ஓடிப் பார்ப்பார்கள். நட்டநடு வெயிலில் குதிரையைத் தேடினால், அது எங்கோ தூரத்து வெளியில் ஒரு புள்ளியாக நிற்கும். எங்கள் ஓட்டோக்காரத் தம்பி, "இரவு நிக்கிறீங்கள்தானே அண்ணை, குதிரைய விடுங்கோ, பின்னேரம் அதுகளே தண்ணிக்கு வரும்" என்றான். முடியுமானால் ஒரு இரவு தங்குங்கள். தங்கும் வீடுகள் சில இருக்கின்றன. ஆனால் சாப்பாட்டை முந்திய நாளே போனில் சொல்லி வைக்க வேண்டும். நீங்கள் வருவீர்கள் என்று யாரும் அங்கே மீன் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள். குடிதண்ணீரும் கொண்டுபோங்கள், தீவின் கிணறுகளில் பெரும்பாலும் உவர்.

அம்மாவுக்குக் கோட்டையும் வேண்டாம், புறாக்கூடும் வேண்டாம். அவர் தேடியது ஒரு மதிலை. நெடுந்தீவில் வளவுகளுக்கு வேலி இல்லை, முருகைக்கல் மதில்தான். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கடலுக்குள் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளிக்குச் சின்னக் கல்லைச் செருகியிருப்பார்கள். பக்கத்தில் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு கோலம்: மூளை மடிப்பு மாதிரி ஒன்று, தேன்கூடு மாதிரி ஒன்று, பூவிதழ் விரிந்த மாதிரி ஒன்று. விரலை வைத்தால் அரம் மாதிரிச் சுரண்டும். தான் தங்கியிருந்த வீட்டின் மதிலில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு துவாரம் இருந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதற்குள்ளால் புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) நீட்டுவார்கள் என்று அம்மா சொன்னார். மூன்று ஒழுங்கைகள் நடந்தோம். ஒரே மாதிரி மதில்கள், நூறு துவாரங்கள். கடைசியில் ஒன்றைக் காட்டி, "இதுவா இருக்கும்" என்றார். குரலில் உறுதியில்லை. சின்னவள் கையை உள்ளே விட்டு, அந்தப் பக்கம் யாராவது ஏதாவது தருவார்களா என்று காத்திருந்தாள்.

பின்னேரம் ஐந்தரைக்குக் குதிரைகள் வந்தன. போர்த்துக்கேயர் கொண்டுவந்ததன் வழிவந்தவை, பிறகு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வளர்த்தார்கள், அவர்களும் போனபின் காட்டுக் குதிரையாகிவிட்டன. உயரம் அதிகமில்லை, பிடரி மயிர் சிக்கல் விழுந்து கிடக்கும். பதினொன்று எண்ணினோம். ஒரு குட்டி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் நிற்பதைக் கண்டு தூரத்திலேயே நின்றுவிட்டன. ஓட்டோக்காரத் தம்பி மெதுவாகச் சொன்னான்: "நாங்கள் விலகினாத்தான் அதுகள் குடிக்கும், அண்ணை." விலகி மதிலோரம் குந்தியிருந்தோம். கிட்ட எடுத்த படம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவை குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இத்தனை கணக்குப் போட்டும் ஒன்றை மறந்திருந்தேன். திரும்புவது வெள்ளிக்கிழமை பிற்பகல். தீவில் படிப்பிக்கிற ஆசிரியர்கள், அலுவலர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போகிற படகு அது. அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? "தெரியும். உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்" என்றார். ஒன்றரை மணிக்கே மாவலித்துறையில் வரிசை நின்றது. முதற் படகில் இடமில்லை என்றே நினைத்தேன். எப்படியோ நெருக்கி ஏற்றினார்கள். நானும் மூத்தவனும் நின்றோம், மனைவியும் சின்னவளும் ஒரு அரிசிச் சாக்கில் இருந்தார்கள். சனிக்கிழமை உபரி நாளாக இருந்ததால், அன்று போக முடியாமல் போயிருந்தாலும் பதறத் தேவையில்லை என்ற நினைப்பு மட்டும் துணைக்கு இருந்தது.

அம்மாவுக்கு ஒரு இளம் ஆசிரியை ஒதுங்கி இடம் கொடுத்தார். மடியில் கொப்பிக் கட்டு, சிவப்புப் பேனை. படகு ஆடுகிற ஆட்டத்திலும் திருத்திக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் அம்மா பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எந்தப் பள்ளிக்கூடம், பிள்ளை?" என்றார். அந்தப் பிள்ளை பெயரைச் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. படகு வளைந்து காற்றுப் பக்கம் திரும்பியதும் முதல் அலை விளிம்பில் மோதித் தெறித்தது. அம்மா கையை நீட்டி, திருத்தி முடித்த கொப்பிகளை வாங்கி, தன் சேலைத் தலைப்பால் மூடி வைத்துக்கொண்டார். குறிகட்டுவான் வரும் வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாக அந்தக் கொப்பிகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.